வாய்க்கால் எது, வடிகால் எது: பக்கத்துப் பக்கத்துப் பங்குத்தந்தையர் இருவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தந்தையர் இருவருக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

உங்கள் பெயரையும் ஊர்ப் பெயரையும் கோயில்களின் பாதுகாவலர் பெயரையும் இதில் எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பழைய கோயில் சாமியாரை மேற்குச் சாமி என்றும், அதிலிருந்து பிரித்த புதுக் கோயில் சாமியாரைக் கிழக்குச் சாமி என்றும் எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தெருவில் இப்போது எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம்.

நான் நில அளவைத் துறையில் 32 வருடம் வேலை பார்த்தவன். சங்கிலி பிடித்து அளந்த காலத்தில் சேர்ந்து, செயற்கைக்கோளைப் பார்த்து அளக்கும் கருவி வந்த பிறகு ஓய்வு பெற்றேன். அண்ணன் தம்பி வரப்புச் சண்டை, மாமன் மச்சான் சந்துச் சண்டை, கோயில் நிலத்துக்கும் பக்கத்துத் தோப்புக்கும் நடுவே ஒரு முழம் இடத்துக்காக இருபது வருடம் நடந்த சண்டை, எல்லாவற்றுக்கும் நடுவில் வெயிலில் நின்றிருக்கிறேன். ஆகவே எங்கள் தெரு எந்தக் கோயில் பங்கில், அதாவது எந்தச் சாமியார் பொறுப்பில் உள்ள எல்லைக்குள், சேரும் என்ற உங்கள் தகராறைப் பார்த்து நான் ஆச்சரியப்படவில்லை. வழக்கமாக அளக்கப்படும் நிலம் பேசாது. இந்தத் தடவை அதற்கு வாய் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சப்பரத்தில் தொடங்குகிறேன். அதுவரை கோயில் அலுவலகத்துக்குள் இருந்த விஷயம் அன்றைக்குத்தான் தெருவுக்கு வந்தது.

மேற்குக் கோயில் திருவிழாவின் ஒன்பதாம் நாள் இரவு. எங்கள் தெருவில் வீடுகள் வந்த காலத்திலிருந்து அந்தச் சப்பரம் தெருக்கோடி வரை வந்து திரும்பும். பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, தட்டில் உப்பும் மிளகும் மெழுகுதிரியும் வைத்துக்கொண்டு நின்றார்கள். பேண்டு சத்தம் நெருங்கி வந்தது. வந்து, தெருமுனையில் நின்றுபோனது. போய்ப் பார்த்தால் கிழக்குக் கோயில் பங்குப் பேரவையிலிருந்து மூன்று பேர், கையில் ஒரு கடிதம். இந்தத் தெரு எங்கள் பங்கு, எங்கள் சாமியார் அனுமதி இல்லாமல் பவனி உள்ளே வரக்கூடாது என்கிறார்கள். இந்தப் பக்கம் விழாக் கமிட்டி, அப்பன் காலத்திலிருந்து வருகிறோம் என்கிறது. கால் மணி நேரம் பேச்சு. அத்தனை நேரமும் தூக்கி நின்ற பையன்கள் தோள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் திருப்பிவிட்டார்கள். வரிசையில் முதலில் வந்தது மிக்கேல் சம்மனசு. சாத்தானைக் காலில் போட்டு மிதித்தவர், பங்குப் பேரவைத் தீர்மானத்துக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று.

சிரிக்கத்தான் செய்தோம். ஆனால் தட்டோடு நின்ற கிழவிகள் சிரிக்கவில்லை.

கிழக்குச் சாமி சொன்னது ஆதாரமில்லாத பேச்சு என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். 1983 இல் வந்த புத்தகம், என் மகன் குருமடத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தபோது கொண்டுவந்தது. சட்ட எண் 530, பங்குத்தந்தையிடம் விசேஷமாக ஒப்படைத்த காரியங்களைச் சொல்கிறது. திருமுழுக்கு, அவஸ்தை (சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசுவது), திருமணம், அடக்கம் என்று போகும் அந்தப் பட்டியலில் கோயிலுக்கு வெளியே நடக்கும் பவனியும் இருக்கிறது. சரி. ஆனால் அது ‘பங்குத்தந்தை’ என்கிறது. எங்கள் தெருவுக்குப் பங்குத்தந்தை யார் என்பதுதானே கேள்வியே? தகராறில் இருக்கும் நிலத்தில் நின்றுகொண்டு ‘என் நிலத்தில் கால் வைக்காதே’ என்பதை என் உத்தியோகத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது கல்யாணம். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெண்ணுக்கு மேற்குக் கோயிலில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்தார்கள். முதல் ஓலை ஆயிற்று, இரண்டாம் ஓலை ஆயிற்று. பத்திரிகை அடித்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆயிற்று. அப்புறம் கிழக்குக் கோயில் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, இங்கே அனுமதிக் கடிதம் வாங்காமல் அங்கே தாலி கட்டினால் ‘கல்யாணம் செல்லாது’ என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தாய் இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இது தப்பு. சட்ட எண் 1109 இன்படி, ஒரு பங்குத்தந்தை தன் பங்கின் எல்லைக்குள் நின்று நடத்தும் திருமணம், வருகிறவர்கள் தன் பங்குக்காரர்களாக இல்லாவிட்டாலும் செல்லும், இருவரில் ஒருவர் இலத்தீன் முறையைச் சேர்ந்தவராக இருந்தால் போதும். மேற்குச் சாமி நிற்பது மேற்குக் கோயில் பீடத்தின் முன்னால். அந்தப் பீடம் யார் எல்லையில் இருக்கிறது என்பதில் உங்கள் இருவருக்கும் சண்டை இல்லை. அனுமதிக் கடிதம் வேண்டும் என்பது 1115 ஆம் சட்டம் சொல்லும் முறை. வாங்காமல் நடத்தினால் முறை தவறியது என்று சாமியாரைக் கேட்கலாம். தாலி செல்லாது என்று பெண்ணின் தாயிடம் சொல்லக் கூடாது. முறைகேடும் செல்லாமையும் ஒன்றல்ல என்பது உங்கள் இருவருக்கும் குருமடத்தில் சொல்லிக்கொடுத்த பாடம். உங்கள் அலுவலக ஆளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது.

மூன்றாவது விஷயத்தைச் சுருக்கமாக எழுதுகிறேன், நீட்டி எழுதக் கை வரவில்லை. போன மழைக்காலத்தில், இரவு இரண்டு மணிக்கு, எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு மூச்சு இழுத்தது. மகன் மேற்கே போன் செய்தான். ‘இப்போதைய நிலைமையில் நான் வந்தால் அது வேறு பிரச்சினையாகும், அந்தச் சாமியாரைக் கூப்பிடுங்கள்’ என்று பதில். கிழக்கே போன் செய்தான். ‘நீங்கள் அந்தப் பக்கம்தானே வரி கட்டுகிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டு, பிறகு மனது கேட்காமல் ஸ்கூட்டரில் கிளம்பி வந்தார். வந்தார் என்பதை நன்றியோடு எழுதுகிறேன், நனைந்துகொண்டே வந்தார். ஆனால் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. எண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு செபம் சொன்னார். நோயாளிக்குப் பூசுகிற எண்ணெயை எந்தக் குருவும் கையில் வைத்திருக்கலாம், அவசியமானால் எந்தக் குருவும் பூசலாம். சட்ட எண் 1003. அங்கே எல்லை என்ற பேச்சே கிடையாது.

இவ்வளவும் எழுதிவிட்டு, பங்கு எல்லையே தேவையில்லை என்று நான் சொல்லப்போகிறேன் என்று நினைக்க வேண்டாம். எல்லைக்கல் நட்டுச் சம்பளம் வாங்கியவன் அப்படிச் சொல்ல மாட்டான். 1563 நவம்பரில், ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கத்தின் 24 ஆம் அமர்வில் ஒரே நாளில் இரண்டு தீர்மானங்கள் போட்டார்கள். ஒன்று, பங்குக் குருவும் சாட்சிகளும் இல்லாமல் ரகசியமாக நடக்கும் கல்யாணம் செல்லாது என்பது. மற்றொன்று, பங்குகளுக்குத் திட்டமான எல்லை இல்லாத நகரங்களில் ஆயர்கள் மக்களைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் நிலையான குருவை வைக்க வேண்டும் என்பது. இரண்டும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்பவை. எவன் எந்தப் பெண்ணைக் கட்டினான், எந்தப் பிள்ளைக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று ஒருவர் பொறுப்பாகப் புத்தகத்தில் எழுத வேண்டுமானால், எங்கிருந்து எதுவரை அவர் பொறுப்பு என்று தெரிய வேண்டும். எல்லை போட்டது, செத்துக்கொண்டிருப்பவன் வீட்டுக்குப் போக வேண்டிய ஆள் யார் என்று குழப்பம் வராமல் இருப்பதற்குத்தான்.

குழப்பம் வந்தால் எவ்வளவு காலம் நீளும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். நம் தமிழ்நாட்டுத் திருச்சபையே முந்நூறு வருடம் இதில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

1606 இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் உண்டானது. அதன் ஆயரை முன்மொழிவது போர்ச்சுகல் அரசரின் உரிமை. பதுரவாதோ என்பது அதுதான். 1622 இல் உரோமை, மறைபரப்பு வேலையைத் தானே நேராகப் பார்க்க பிரோப்பகாந்தா சபையைத் தொடங்கியது. 1642 இல் கப்புச்சின் துறவறச் சபையின் பிரெஞ்சுக் குரு எபிரேம் த நெவேர், பர்மாப் பக்கம் போகிற வழியில் சென்னையில் இறங்கினார். கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஆங்கிலேயர்கள் அவரை நிறுத்திக்கொண்டார்கள். கோட்டைக்கும், மயிலாப்பூர் மறைமாவட்டத்தின் தலைமை இடமான சாந்தோமுக்கும் ஒன்றரை மணி நேர நடைதான். ஆனால் சாந்தோம்காரர்களுக்கு இது எங்கள் எல்லைக்குள் யாரோ புகுந்த விஷயம். 1649 இல் சாந்தோமுக்குப் போன அந்த மனிதரைப் பிடித்துக் கோவாவுக்கு அனுப்பி, விசாரணைச் சபையின் சிறையில் போட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டுத்தான் சென்னைக்குத் திரும்பினார். உங்கள் இருவருக்கும் நடுவே இன்னும் அவ்வளவு முற்றவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1832 இல் சென்னைக்குத் தனி அப்போஸ்தலிக்க விகாரியத்து, அதாவது உரோமையின் நேரடிப் பொறுப்பில் உள்ள பகுதி. 1838 இல் பதினாறாம் கிரகோரி பாப்பரசர் மயிலாப்பூர் உட்பட சில மறைமாவட்டங்களில் பதுரவாதோ அதிகாரத்தை நிறுத்தி ஆணை போட்டார். போர்ச்சுகல் பக்கம் நின்ற கோவா சாமியார்கள் ஏற்கவில்லை. கோயில் சாவி யார் கையில் என்று நீதிமன்றப் படி ஏறினார்கள். உரோமைக்கும் போர்ச்சுகலுக்கும் 1857 இல் ஓர் உடன்படிக்கை, 1886 இல் இன்னொன்று, 1928 இல் மற்றொன்று, 1950 இல் கடைசி. 1952 நவம்பரில்தான் சென்னையும் மயிலாப்பூரும் ஒரே மறைமாவட்டமாயின. வேளாங்கண்ணி அதுவரை மயிலாப்பூர் ஆயரின் கீழே இருந்தது, அந்த மாதம் புதிதாகப் பிறந்த தஞ்சாவூர் மறைமாவட்டத்துக்கு வந்தது.

இதை ஒரு சர்வேயரின் கண்ணோடு பாருங்கள். அந்தக் காலமெல்லாம் தகராறு நிலத்தின் மேல் கோடு போடாமல், குடும்பத்தின் மேல் கோடு போட்டிருந்தார்கள். ஒரே ஊரில், ஒரே தெருவில், இந்த வீடு இந்த ஆயருக்கு, அடுத்த வீடு அந்த ஆயருக்கு. பெண் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம் என்றால் எந்தக் கோயிலில் ஓலை என்பதற்கே ஒரு பஞ்சாயத்து வைக்க வேண்டியிருந்ததாக என் பாட்டி சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவில் வீட்டு வாசலில் மேற்கு, கிழக்கு என்று தனித்தனியாக ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கியிருப்பதைப் பார்க்கும்போது அந்தப் பேச்சுத்தான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நம் ஊரில் பங்கு எல்லை எப்போதும் வெறும் வாய்க்காலாகவே இருப்பதில்லை, சில இடங்களில் அது சாதிக்கோடு. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போய் இரண்டு உயிர் போனது. எங்கள் தகராறில் சாதி இல்லை என்றுதான் இரண்டு பக்கமும் சொல்கிறார்கள். ஆனால் சப்பரம் திரும்பிய இரவு, ‘அந்தத் தெரு ஆட்கள்’ என்று ஒரு குரல் சொன்னதை நான் கேட்டேன். இரண்டு பக்கத்து இளைஞர்களும் கைபேசியில் என்ன எழுதிக்கொள்கிறார்கள் என்று நீங்கள் படித்தால் பிரசங்கத்தை மாற்றுவீர்கள். மேய்ச்சல் நிலத் தகராறில் பிரிந்துபோன ஆபிராம், நல்ல நிலத்தைத் தனக்கு எடுத்துக்கொண்ட லோத்து, இவர்களின் வேதாகமக் கதையை இரண்டு கோயிலிலும் ஒரே மாதத்தில் பிரசங்கம் வைத்தீர்கள். ஒவ்வொருவரும் மற்றவரை லோத்தாக வைத்து.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கிழக்குப் பங்கைப் பிரித்த ஆணையின் நகலைக் கிழக்குச் சாமி பூசையில் வாசித்தார், மேற்குச் சாமி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். இரண்டும் ஒரே தாள்தான். ‘வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பகுதி முழுவதும்’ என்று இருக்கிறது. அதை எழுதியபோது எங்கள் தெரு கிடையாது, நெல் வயல்தான் இருந்தது. எந்த வாய்க்கால் என்று கேட்க அங்கே ஒரு தலைக்கட்டுகூட இல்லை.

இப்போது தெருவுக்குக் கிழக்கே தண்ணீர் ஓடுகிறது. எல்லாரும் அதை வாய்க்கால் என்கிறார்கள், ஆகவே தெரு எனக்கு என்கிறார் மேற்குச் சாமி. தெருவுக்கு மேற்கே புறவழிச்சாலைக்கு அடியில் ஒரு வாய்க்கால் புதைந்து கிடக்கிறது, ஆணை சொல்வது அதைத்தான், ஆகவே தெரு எனக்கு என்கிறார் கிழக்குச் சாமி.

நான் வட்டாட்சியர் அலுவலகம் போய்க் கிராம வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். மேற்கே புதைந்து கிடப்பதற்குத் தனிப் புல எண் இருக்கிறது, வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவு இருக்கிறது. கிழக்கே ஓடுவது வாய்க்காலே இல்லை. அது வடிகால். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருவது வாய்க்கால், வயலில் மிஞ்சியதை வெளியே கொண்டுபோவது வடிகால். டெல்டாவில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் சாகுபடி போய் வீடு வந்த பிறகு பிள்ளைகளுக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான்.

அப்படியானால் கிழக்குச் சாமி ஜெயித்தார் என்று கைதட்ட வேண்டாம். அதே ஆணையில் இரண்டு வரி கீழே, கல்லறைத் தோட்டம் தாய்ப்பங்கோடு இருக்கும் என்று எழுதியிருக்கிறது. கல்லறைத் தோட்டம் புதைந்த வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் நடுவே, எங்கள் தெருவை ஒட்டி இருக்கிறது. அது விதிவிலக்காகச் சொன்னதா, இல்லை எழுதியவர் வடிகாலையே வாய்க்கால் என்று நினைத்து, குழப்பம் வேண்டாமே என்று எழுதிய வரியா? படத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. எழுதிய கை ஆயர் இல்லத்துக் கை. அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தவிர, என் வீட்டை நானே அளக்கக் கூடாது. என் மனைவி அந்தக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். நானும் அங்கேதான் போக வேண்டும் என்று மேற்குப் பக்கமாகவே என் மனது சாய்கிறது. இதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு நடுநிலை பேசினால் அது நேர்மை ஆகாது. அடக்கக் கோயிலை விசுவாசியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று 1177 ஆம் சட்டம் சொல்வது தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

பங்கை உண்டாக்கவோ, எடுக்கவோ, மாற்றவோ மறைமாவட்ட ஆயர் ஒருவரால்தான் முடியும், அதுவும் குருக்கள் மன்றத்தைக் கேட்ட பிறகு. சட்ட எண் 515. பங்குப் பேரவைத் தீர்மானத்தால் முடியாது, தெருமுனைக் கடிதத்தால் முடியாது, என் வரைபடத்தாலும் முடியாது. ஆகவே நீங்கள் இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு ஆயர் ஆண்டவருக்கு எழுதுங்கள். தனித்தனியாக எழுதியது போதும். இந்தத் தடவை எல்லையை ‘வாய்க்கால்’ என்று எழுத வேண்டாம் என்று கேளுங்கள். புல எண் போட்டு, வரைபடம் இணைத்து வரட்டும். வாய்க்கால் தூரும், ஆலமரம் சாயும், ரைஸ்மில் கல்யாண மண்டபமாகும். புல எண் உட்பிரிவு ஆனாலும் பழைய எண்ணைத் தேடிப் பிடித்துவிடலாம்.

பதில் வர மாதக்கணக்காகும். அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். எங்கள் தெருவில் நம் ஆட்கள் 41 வீடு. அந்த 41 வீட்டுக்கும் திருமணத்துக்கும் திருமுழுக்குக்கும் நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் பொது அனுமதிக் கடிதம் ஒன்று எழுதி, ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோயிலில் நடக்கிறதோ அந்தக் கோயில் புத்தகத்தில் பதியட்டும். ஒரு கோயில் வரி ரசீதைக் காட்டினால் மற்றக் கோயிலில் வரி கேட்க வேண்டாம். இரவில் போன் வந்தால், முதலில் எடுத்தவர் எண்ணெயோடு கிளம்பிவிடுங்கள், தகராறை மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளலாம். சப்பரத்தை இந்த வருடம் இரண்டு கோயிலும் தெருமுனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நாங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு முனைக்கு வருகிறோம். கிழவிகளுக்கு நாற்காலி போடுவது என் பொறுப்பு.

தவக்காலம் தொடங்கும்வரை பார்ப்போம். அதற்குள் நீங்கள் எழுதவில்லை என்றால் 41 வீடும் கையெழுத்துப் போட்டு நாங்களே ஆயர் இல்லத்துக்குப் போவோம். ஆன்மீகத் தேவைகளை மேய்ப்பர்களிடம் சொல்லும் உரிமை விசுவாசிகளுக்கு உண்டு என்பது 212 ஆம் சட்டம். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நோட்டீஸ் கொடுக்காமல் அளக்கப் போகக் கூடாது என்ற பழக்கத்தில் சொல்கிறேன்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், புறவழிச்சாலைப் பாலத்துக்குக் கீழே, பெட்டிக்கடைக்குப் பின்னால் நிற்கிறேன். வாய்க்கால் கரையில் நட்ட பழைய எல்லைக்கல் ஒன்று அங்கே முட்புதருக்குள் பாதி புதைந்து கிடக்கிறது. இருவரும் வாருங்கள், காட்டுகிறேன். அரிவாள் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இருவர் பங்குப் பதிவேட்டிலும் பெயர் உள்ள
ஓய்வுபெற்ற சர்வேயர்